மேகம் திரளும்போது: மழையும் புயலும் தவக்குலும்



எல்லாப் புகழும் வானத்திலிருந்து மழையை இறக்கி, இறந்து கிடந்த பூமியை உயிர்ப்பிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

வடகிழக்குப் பருவமழைக் காலம் தொடங்கிவிட்டது. இனி டிசம்பர் முடியும் வரை, "எங்கே புயல்? எப்போது கரையைக் கடக்கும்? நாளை பள்ளிக்கூடம் உண்டா?" என்பதுதான் நம் வீடுகளில் பேச்சாக இருக்கும். அதனால் இன்றைய ஜும்ஆவில் மழையையும் புயலையும் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். ஒரு முஃமின் மேகத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்? அதற்கும் தவக்குலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு ஜும்ஆக்கள்

மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு மனிதர் உள்ளே வந்து, நின்றபடியே முறையிடுகிறார். கால்நடைகள் அழிகின்றன, பாதைகள் அடைபட்டுவிட்டன, மழைக்காக அல்லாஹ்விடம் கேளுங்கள் என்கிறார். நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தினார்கள்.

அப்போது வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அனஸ் (ரலி) அவர்கள் அதை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார்கள் பாருங்கள். பள்ளிக்கும் ஸல்உ மலைக்கும் நடுவே பார்வையை மறைக்க ஒரு வீடுகூட இல்லையாம். அந்த மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் அளவுக்கு ஒரு சின்ன மேகம் எழுந்தது. நடுவானத்துக்கு வந்ததும் விரிந்தது. பிறகு பெய்தது. ஒரு வாரம் அவர்கள் சூரியனையே பார்க்கவில்லை.

அடுத்த ஜும்ஆ. அதே வாசல் வழியாக ஒருவர் வருகிறார். சொன்ன காரணம் என்ன தெரியுமா? போன வாரம் சொன்ன அதே காரணம்! கால்நடைகள் அழிகின்றன, பாதைகள் அடைபட்டுவிட்டன. போன வாரம் மழை இல்லாததால், இந்த வாரம் மழை நிற்காததால். நபி (ஸல்) அவர்கள் மீண்டும் கையேந்தினார்கள். மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள் மீது வேண்டாம், எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்று கேட்டார்கள். மழை நின்றது. தோழர்கள் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

மழை ரஹ்மத்தான். ஆனால் அதற்கு ஓர் அளவும் இடமும் உண்டு. வெள்ளம் வந்த ஊரில் நின்றுகொண்டு "மழை ரஹ்மத், அதைப் பற்றிக் குறை பேசாதீர்கள்" என்று சிலர் மற்றவர்களின் வாயை அடைக்கிறார்கள். இரண்டாவது ஜும்ஆவில் முறையிட்ட அந்த மனிதரை நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. அவருக்காகத் துஆ செய்தார்கள்.

முகம் மாறிய நபி

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ் உண்டு. வானத்தில் கருமேகத்தையோ பலத்த காற்றையோ கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். உள்ளே வருவார்கள், வெளியே போவார்கள், நிலைகொள்ள மாட்டார்கள். மழை பெய்யத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கவலை நீங்கும். ஒருநாள் அன்னை அவர்கள் கேட்டேவிட்டார்கள். மக்கள் மேகத்தைப் பார்த்தால் மழை வரும் என்று மகிழ்கிறார்களே, உங்கள் முகத்தில் மட்டும் ஏன் கவலை? அதில் வேதனை இருக்காது என்று எனக்கு யார் உத்தரவாதம் தருவது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்லி, ஆது கூட்டத்தாரை நினைவுபடுத்தினார்கள்.

ஆது கூட்டத்தின் கதையை ஸூரத்துல் அஹ்காஃப் சொல்கிறது (46:24). தங்கள் பள்ளத்தாக்குகளை நோக்கி வந்த மேகத்தைப் பார்த்து, மழை கொண்டுவரும் மேகம் என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். வந்ததோ காற்று. ஏழு இரவும் எட்டுப் பகலும் அது விடாமல் வீசியதாக ஸூரத்துல் ஹாக்கா சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களை விட அல்லாஹ்வின் மீது அதிகம் நம்பிக்கை வைத்தவர் யார்? தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் யார்? அவர்களே மேகத்தைக் கண்டு நிலைகொள்ளாமல் நடந்தார்கள். அப்படியானால் புயல் எச்சரிக்கையைக் கேட்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது பாய்" என்று கால்மேல் கால் போட்டு உட்காருவது எந்த வகை ஈமான்?

காற்றும் மேகமும் எப்படி வேலை செய்கின்றன

அல்லாஹ் காற்றுகளை அனுப்புகிறான், அவை மேகத்தைக் கிளப்புகின்றன, அதை வானில் பரப்பி, துண்டு துண்டாக்கி, அதன் நடுவிலிருந்து மழை வெளிப்படுவதை நீங்கள் பார்க்கிறீர்கள் என்ற கருத்தில் ஸூரத்துர் ரூமின் 48வது ஆயத் வருகிறது. குர்ஆன் வானிலைப் பாடநூல் அல்ல. ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் இழுத்து வந்து ஆயத்தில் ஒட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் "பார்" என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆகவே பார்ப்போம்.

கடல் நீர் வெயிலில் ஆவியாகிறது. ஈரமான சூடான காற்று இலேசானது, அதனால் மேலே எழும். மேலே போகப் போகக் குளிர்ந்து, ஆவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறும். அதுதான் மேகம். துளிகள் சேர்ந்து கனத்தால் மழை. கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இதன் சிறிய வடிவம் தினமும் தெரியும். பகலில் தரை சீக்கிரம் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. லுஹருக்குப் பிறகு நம் பள்ளிவாசலின் கிழக்கு ஜன்னலைத் திறந்தால் வருகிறதே, அதுதான்.

ஜூனில் கேரளா நனையும்போது நமக்கு ஏன் மழை குறைவு? தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து, அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது. அக்டோபரில் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக்கடல் மீது வரும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நம் கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் ஒரு வருட மழையில் கிட்டத்தட்டப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. நம் கிணறும் ஏரியும் வயலும் இந்த மூன்று மாதங்களை நம்பித்தான் இருக்கின்றன. நம்மை மூழ்கடிக்கும் புயலும் பெரும்பாலும் இதே மூன்று மாதங்களில்தான் வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி நமக்கு வருடாவருடம் வருகிறது.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில் உயிர் போகிறது. வெப்பம் மிகுந்த நாளில் மேகம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் கோபுரம் போல வளரும். அதன் உள்ளே பனித்துகள்கள் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் உண்டாகிறது. ஸூரத்துந் நூர் 43வது ஆயத்தில் மலை போன்ற மேகங்களும், ஆலங்கட்டியும், பார்வையைப் பறித்துவிடும் போன்ற மின்னலும் அடுத்தடுத்து வருகின்றன. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. வயலிலும் விளையாட்டு மைதானத்திலும் நிற்கக் கூடாது. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இடி சத்தம் கேட்டால் ஓதும் துஆவைச் சொல்லிக் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதோடு இந்த எண்ணிக்கையையும் சொல்லிக் கொடுங்கள்.

புயல்

கடலின் மேல்மட்ட நீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது, ஈரக்காற்று ஓரிடத்தில் பெருமளவில் மேலெழுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அதை நோக்கிப் பாய்கிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராகப் போகாமல் வளைகிறது. நம் பக்கத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, பிறகு தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டால் அது புயல். அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89ஐத் தாண்டினால் தீவிர புயல், 118ஐத் தாண்டினால் அதிதீவிர புயல்.

பெயர் என்றதும் நம் ஆட்கள் சிலர் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ அனுப்புகிறார்கள். வங்கக்கடலையும் அரபிக்கடலையும் சுற்றியுள்ள 13 நாடுகள் முன்கூட்டியே கொடுத்து வைத்த பட்டியல் அது. 2016ல் சென்னையைத் தாக்கிய 'வர்தா' பாகிஸ்தான் கொடுத்த பெயர். 2024ல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த 'ஃபெங்கல்' சவூதி அரேபியா கொடுத்தது. அடையாளத்துக்கு வைத்த பெயர், அவ்வளவுதான்.

மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று, புயலின் நடுவே 'கண்' என்று ஓர் அமைதியான பகுதி இருக்கும். அது நம் ஊர் மேல் வரும்போது காற்று நின்றுவிடும், சில சமயம் வானம்கூடத் தெளியும். முடிந்துவிட்டது என்று வெளியே வருகிறவர்களை, எதிர்த்திசையிலிருந்து வரும் இரண்டாவது காற்று அடிக்கும். அதிகாரிகள் சொல்லும் வரை வெளியே வராதீர்கள்.

இரண்டாவது, கடற்கரை ஊர்களில் காற்றை விடக் கடல் ஆபத்தானது. புயல் கடல் நீரைச் சுவர் போலத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியில் பாசஞ்சர் ரயிலை, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வாரிக்கொண்டு போனது அந்தக் கடல்தான். அந்த ஊர் அதன் பிறகு ஊராக எழவில்லை.

மூன்றாவது, துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண். மீனவக் குடும்பங்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். 1, 2 என்றால் தூரத்தில் உருவாகியிருக்கிறது. 5, 6, 7 என்றால் துறைமுகத்துக்கு ஆபத்து. 8, 9, 10 என்றால் பேராபத்து. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

பெயரே இல்லாத மழை

புயல் இல்லையென்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று புயல் இல்லை, பெயர் இல்லை, கூண்டு இல்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருடம் முழுவதும் பெறும் சராசரி மழையை விட அதிகமாக ஒரே நாளில், பள்ளிவாசல்கள் நிறைந்த அந்த ஒரே ஊரில் பெய்தது.

95 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றின் மேல் மட்டும் சுமார் 88,000 லிட்டர் விழும். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஏழு கொண்டுவந்தாலும் போதாது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றால், தெருவுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எந்தச் சாக்கடை அதைத் தாங்கும்? அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. பக்கத்துக் கிராமத்து மக்கள், தங்களுக்கே தண்ணீர் சூழ்ந்த நிலையிலும், சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் யார், என்ன மதம் என்று பயணிகள் யாரும் கேட்கவில்லை.

ஆகவே செய்தியில் வரும் வார்த்தைகளைக் கவனியுங்கள். ஒரு நாளில் 7 சென்டிமீட்டர் அளவில் தொடங்குவது கனமழை. 12க்கு மேல் மிக கனமழை. 20க்கு மேல் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

முன்னறிவிப்பு மறைவான ஞானமா?

ஜமாஅத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "ஹஜ்ரத், மழை எப்போது இறங்கும் என்பது அல்லாஹ் மட்டும் அறிந்த ஐந்தில் ஒன்று அல்லவா? இவர்கள் நாளைக்கு மழை என்று சொல்வதை நம்பலாமா?" நல்ல கேள்வி. ஸூரா லுக்மானின் கடைசி ஆயத்தை வைத்துத்தான் கேட்டார்.

பதில் இதுதான். கைப்யான அறிவு என்பது எந்தக் காரணமும் அடையாளமும் இல்லாமல் அறிவது. அது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. வானிலை ஆய்வாளர் அப்படி எதையும் அறிவதில்லை. செயற்கைக்கோள் படம், காற்றழுத்தம், கடலின் சூடு ஆகிய அடையாளங்களைப் பார்த்து, 'வாய்ப்பு இருக்கிறது' என்கிறார். அல்லாஹ் உண்டாக்கிய காரணங்களை அல்லாஹ் கொடுத்த கண்ணால் பார்ப்பதுதான் அது. மேகத்தின் சாயலைப் பார்த்து விவசாயி சொல்வதும், நாடி பார்த்து வைத்தியர் சொல்வதும் அப்படித்தான். தப்பாகலாம். தப்பாகிறது என்பதே அது கைபு அல்ல என்பதற்கு ஆதாரம். ஒருமுறை தப்பானதை வைத்து அடுத்த முறை எச்சரிக்கையைக் கேலி செய்வதுதான் ஆபத்து. ரெட் அலர்ட் அன்று வெயில் அடித்தால் மீம்ஸ் போடுகிறோம். மழை நம் பக்கம் வராமல் போனதற்கு ஷுக்ரு செய்ய வேண்டிய இடம் அது.

மார்க்கம் கண்டித்தது வேறு ஒன்றை. ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த மறுநாள் காலை, இன்ன நட்சத்திரத்தால் மழை பெய்தது என்று சொல்வதை அல்லாஹ் நிராகரிப்பு என்று சொன்னதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நட்சத்திரமே மழையைத் தருகிறது என்று அதற்கு அதிகாரம் கொடுப்பதுதான் அங்கே கண்டிக்கப்பட்டது. அதேபோல நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தபோது, அந்த மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். தன் சொந்த மகனின் மவுத்து. அந்தப் பேச்சு தனக்குப் பெருமை சேர்ப்பதாக இருந்தும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று உடனே மறுத்தார்கள். கூடவே தொழுகைக்கும் துஆவுக்கும் அழைத்தார்கள்.

இந்த ஹதீஸை வைத்தே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கோ புயல் அடித்தால், அந்த ஊர்க்காரர்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நமக்கு வஹி வருகிறதா? நீரில் மூழ்கி இறப்பவரை ஷஹீதுகளில் ஒருவராக எண்ணினார்கள் நபி (ஸல்) அவர்கள். அவர் ஷஹீதாக இருக்கலாம் எனும்போது, குற்றவாளி என்று முத்திரை குத்த நாம் யார்? பயம் நம்மைப் பற்றி இருக்கட்டும். நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது அடுத்த ஊரை நினைத்தா?

இரண்டு ரமழான்கள்

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

1970 நவம்பர் 12. ரமழான் மாதத்தின் ஓர் இரவு. அன்றைய கிழக்குப் பாகிஸ்தான், இன்றைய வங்கதேசத்தின் கடற்கரைத் தீவுகளில் மக்கள் நோன்பு திறந்து, தொழுதுவிட்டுத் தூங்கப் போனார்கள். புயல் வந்தது. கடல் ஏற்றத்தில் இருந்த நேரத்தில் வந்தது. பல மீட்டர் உயரத்துக்குக் கடல் தீவுகளின் மேல் ஏறியது. விடிந்தபோது மரங்களைப் பற்றிக்கொண்டவர்கள் சிலர் உயிரோடு இருந்தார்கள். இறந்தவர்கள் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். போலா புயல் என்று அதற்குப் பெயர். பதிவான வரலாற்றில் இவ்வளவு உயிர்களைக் கொண்டுபோன புயல் வேறில்லை.

அந்த மக்களின் ஈமானில் குறையா? நோன்பாளிகள். தொழுகையாளிகள். புயல் வருவது தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் செய்தி, அவர்கள் புரிந்துகொள்ளும் விதத்தில், அவர்கள் போய்ச் சேரக்கூடிய ஒரு பாதுகாப்பான கட்டடத்தோடு, அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு அந்த நாடு ஒரு காரியம் செய்தது. 1972ல் அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஊர் ஊராகத் தொண்டர்கள். கையில் மெகாபோன், சைரன், கொடி. தூண்களின் மேல் நிற்கும் கான்கிரீட் புகலிடங்கள். சாதாரண நாளில் அவை பள்ளிக்கூடங்கள். உடனே பலன் கிடைத்துவிடவில்லை. 1991 ஏப்ரல் 29ல் வந்த புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அவர்கள் விடவில்லை.

2020 மே 20. அம்பன் புயல். இதுவும் ரமழான், கடைசிப் பத்து நாட்கள். கொரோனா வேறு. வங்கதேசத்தில் 24 லட்சம் பேரை முன்கூட்டியே புகலிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டில் இறந்தவர்களின் எண்ணிக்கை சில பத்துகளோடு நின்றது. இரண்டு புயல்களும் ஒரே அளவானவை அல்ல, கரையைக் கடந்த இடமும் ஒன்றல்ல. ஆனாலும் அதே கடல், அதே தாழ்வான கரை. லட்சங்கள் எங்கே, பத்துகள் எங்கே!

1991 புயலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சொல்லக் கசப்பாக இருந்தாலும் ஜும்ஆ மிம்பரில் சொல்ல வேண்டிய செய்தி. இறந்தவர்களில் ஆண்களை விடப் பெண்கள் மிக அதிகம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை, நீச்சல் தெரியாது என்பவை காரணங்கள். அத்தோடு, ஆண் துணை இல்லாமல் எப்படிப் போவது, அந்நிய ஆண்கள் கூடியிருக்கும் புகலிடத்தில் எப்படித் தங்குவது என்ற தயக்கத்தில் வீட்டிலேயே காத்திருந்தவர்கள் பலர். கணவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். கடல் முந்திக்கொண்டது.

சகோதரர்களே, ஹிஜாப் அல்லாஹ்வின் கட்டளை. உயிரைக் காப்பதும் அல்லாஹ்வின் கட்டளை. நிர்ப்பந்த நிலைக்குச் சலுகை தரும் மார்க்கம் இது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மனைவியிடமும் தாயாரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் வெளியூரில் இருந்தாலும், கடையில் இருந்தாலும், போனில் கிடைக்காவிட்டாலும், வெளியேறச் சொன்னால் உடனே பிள்ளைகளோடு கிளம்பிவிடு, என் அனுமதிக்குக் காத்திருக்காதே என்று. வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இதை இணையத்தில் படித்தால், இன்றே வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

கத்ரிலிருந்து கத்ருக்கு

"வருவது வந்தே தீரும், அல்லாஹ் எழுதியதுதான் நடக்கும்" என்பார்கள். உண்மை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று கேட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். புயல் கத்ர் என்றால், அதற்கு மூன்று நாள் முன்பே நம் போனுக்கு வரும் எச்சரிக்கையும் கத்ர்தான்.

தொழுகை விஷயத்திலும் மார்க்கம் எவ்வளவு இலகுவாக்கியிருக்கிறது பாருங்கள். மழையும் சேறுமாக இருந்த ஒரு ஜும்ஆ நாளில், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பாங்கு சொல்பவரிடம், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடத்தில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் சொன்னார்கள். மக்களுக்கு வியப்பு. என்னை விடச் சிறந்தவர் இதைச் செய்திருக்கிறார் என்று நபி (ஸல்) அவர்களைச் சுட்டிக்காட்டி, ஜும்ஆ கட்டாயம்தான், ஆனால் நீங்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டு வருவதை நான் விரும்பவில்லை என்று விளக்கினார்கள். வெறும் சேறு! வழுக்கும் என்பதற்காக! நாம் அறுந்து கிடக்கும் மின்கம்பியையும், மூடியில்லாத சாக்கடையையும் இருட்டில் தாண்டி பஜ்ருக்கு வருவதை வீரமாக நினைக்கிறோம். கடுமையான மழை நாளில் வீட்டில் தொழுதுகொள்ளுங்கள் என்று இந்தப் பள்ளியின் ஒலிபெருக்கியில் அறிவித்தால், வயதானவர்கள் தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மழைக்காக இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு இருக்கிறது. அதைத் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நள்ளிரவு தாண்டி வந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முன்பே முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. மரம் போனது, கூரை போனது. முகாமுக்குப் போனவர்கள் மறுநாள் திரும்பி வந்து சாய்ந்த தோப்பைப் பார்த்து அழுதார்கள். அழுவதற்கு அவர்கள் இருந்தார்கள்.

2015 சென்னை வெள்ளத்தில் பல பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்துவிட்டன. அதுபோல நம் பள்ளிவாசலின் மாடியையும் மதரஸா வகுப்பறைகளையும் இந்தப் பருவம் முடியும் வரை தயாராக வைக்க நிர்வாகத்தார் முடிவு செய்திருக்கிறார்கள். பெண்களுக்குத் தனி மாடிப்படி, தனிக் கழிப்பறை ஏற்பாடு உண்டு. சாவி மோதினாரிடமும் எதிர்வீட்டிலும் இருக்கும். இன்று அஸருக்குப் பிறகு இளைஞர்கள் தெருத்தெருவாக வந்து, தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருக்கும் நோயாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள் பெயரை எழுதிக்கொள்வார்கள். எல்லா வீடுகளுக்கும்தான், முஸ்லிம் வீடுகளுக்கு மட்டுமல்ல. சுகர் மாத்திரை, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். டார்ச் லைட், சார்ஜ் ஏற்றிய போன், இரண்டு நாளுக்குக் குடிநீர். ஹவுளுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் அடைத்திருக்கும் குப்பையை ஞாயிறு காலை பஜ்ருக்குப் பிறகு சுத்தம் செய்கிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு இறக்கும் மழையைப் பயனுள்ள மழையாக ஆக்குவாயாக. இந்தக் காற்றின் நன்மையை எங்களுக்குத் தந்து, அதன் தீங்கிலிருந்து எங்களைக் காப்பாயாக. இப்போது கடலில் இருக்கும் மீனவர்களை, அவர்கள் யாராக இருந்தாலும், பத்திரமாகக் கரை சேர்ப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.